சிறிய நாடும் பறக்கும் ஆயுதமும்

(படவேட்டில் நடைபெற்ற மகாவீரர் திருநாள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு ‘அகிம்சையும் இன்றைய உலகமும்’ என்பது. தலைப்பு கடல்போல் விரிந்தது. எனக்கு அளிக்கப்பட்ட நேரமோ அரைமணி. ஆகவே ஒரே ஒரு வினாவை எடுத்துக்கொண்டு அதனை இயன்றவரை நிதானமாக ஆராயலாம் எனக் கருதுகிறேன். ஒரு சிறிய நாடு, தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு, ஏவுகணை தாங்கிய ஆளில்லா விமானங்களை வாங்கலாமா? நாம் இன்று ‘ட்ரோன்’ என்று வழங்குகிறோமே, அந்தக் கருவியைத்தான் குறிப்பிடுகிறேன்.

“அகிம்சை பேசும் மேடையில் ஆயுதப் பேச்சு எதற்கு?” என்று யாரேனும் கேட்கலாம். நாம் கூடியிருக்கும் ஊரின் பெயரே அதற்கு விடை கூறும். படவேடு என்பது படைவீடு என்பதன் மரூஉ. சம்புவராயர் இவ்வூரைத் தலைநகராகக் கொண்டு இராசகம்பீர இராச்சியம் என்னும் சிற்றரசை ஆண்டனர். சவ்வாது மலையின் அரண் இருந்தது, கோட்டை இருந்தது, படையும் இருந்தது. 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விசயநகர இளவரசர் குமார கம்பணரின் பெரும்படை வந்தபோது அச்சிற்றரசு அடங்கிப்போயிற்று. கம்பணரின் தேவியாகிய கங்காதேவி வடமொழியில் இயற்றிய மதுரா விசயம் அப்போரைப் பாடுகிறது. அதே சம்புவராயர் காலத்தில் பொன்னூரைச் சேர்ந்த பெண்மணி ஒருவர், போளூருக்கு அருகிலுள்ள திருமலையில் அருகன் திருமேனி ஒன்றை எழுந்தருளுவித்த செய்தி கல்வெட்டில் உள்ளது. சிறிய நாடு பெரிய படைக்கு நடுவே எவ்வாறு பிழைப்பது என்பது இந்த மண்ணுக்குப் பழைய கேள்வி.

அந்தக் கேள்வி இன்று நம் தலைக்கு மேலேயே பறக்கிறது. நேர்க்கோட்டில் நமக்கு நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் அரக்கோணத்தில், கடற்படையின் ராஜாளி விமானதளம் உள்ளது. 2020 நவம்பரில் அமெரிக்க நிறுவனத்திடமிருந்து குத்தகைக்குப் பெற்ற இரண்டு ‘ஸீ கார்டியன்’ ட்ரோன்கள் அத்தளத்திலிருந்தே இந்தியப் பெருங்கடலைக் கண்காணித்தன. அவை ஆயுதம் இல்லாதவை. பின்னர், 2024 அக்டோபர் 15 அன்று, ஆயுதம் தாங்கவல்ல 31 எம்.க்யூ.–9பி ட்ரோன்களை வாங்க நம் நாடு ஒப்பந்தம் செய்தது. கடற்படைக்கு 15, தரைப்படைக்கு 8, வான்படைக்கு 8 என்பது பங்கீடு. மேலும், சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சிராப்பள்ளி என ஐந்து மையங்களைக் கொண்ட பாதுகாப்புத் தொழில் வழித்தடம் நம் மாநிலத்தில் அமைந்துவருகிறது. பொறியியல் முடித்த நம் இல்லத்துப் பிள்ளைகள் வேலை தேடும் துறைகளில் இதுவும் ஒன்றாகிவிட்டது. எனவே இது பிறர் காரியம் என்று நாம் ஒதுங்க முடியாது.

மாலத்தீவு என்னும் எடுத்துக்காட்டு

இந்தியா பெரிய நாடு. நான் எடுத்துக்கொண்ட வினா சிறிய நாட்டைப் பற்றியது. அதற்கு நம் கடலிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. குமரிமுனைக்குத் தென்மேற்கே உள்ள மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள். அவற்றுள் மக்கள் வாழ்பவை இருநூறுக்கும் குறைவு. மக்கள்தொகை ஐந்து இலட்சத்தைச் சுற்றியது. ஆனால் அந்நாட்டின் பொருளாதார உரிமைக்கு உட்பட்ட கடற்பரப்போ ஏறத்தாழ ஒன்பது இலட்சம் சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைப்போல் ஆறேழு மடங்கு பரந்த நீரை, ஒரு நடுத்தர நகரத்தின் அளவே உள்ள மக்கள் காக்கவேண்டும்.

2023 நவம்பரில் பதவியேற்ற அதிபர் முகமது முய்சு, அங்கே இரண்டு ஹெலிகாப்டர்களையும் ஒரு டோர்னியர் விமானத்தையும் இயக்கிவந்த இந்தியப் படையினர் வெளியேறவேண்டும் என்றார். 2024 மே 10ஆம் நாளுக்குள் அவர்கள் வெளியேறினர். அவர்கள் இடத்தில் படையைச் சேராத இந்தியத் தொழில்நுட்பப் பணியாளர் அமர்ந்தனர். அதற்குச் சற்று முன்பு, 2024 மார்ச்சு மாதம், துருக்கியின் பைகார் நிறுவனத்தில் உருவான ட்ரோன்கள் மாஃபாரு தீவின் விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்தன. கடல் எல்லையைக் கண்காணிப்பதற்கே அவை என்று அந்நாட்டு அரசு கூறியது. ஆனால் பைகாரின் புகழ்பெற்ற பைரக்தார் டி.பி.2 வகை ட்ரோன், ஒரு நாள் முழுதும் வானில் நிற்கவல்லது. இறக்கைகளின் கீழ் இலேசர் ஒளியால் வழிநடத்தப்படும் குண்டுகளைச் சுமக்கவும் வல்லது. கண்ணாக வரும் கருவியோடு கையும் கூடவே வருகிறது. அந்தக் கையை நீட்டலாமா என்பதே நம் வினா.

மாலத்தீவின் அச்சம் வெறுங்கற்பனை அன்று என்பதை முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும். 1988 நவம்பர் 3 அன்று, இலங்கையின் பிளாட் என்னும் தமிழ் ஆயுத இயக்கத்தைச் சேர்ந்த சுமார் 80 பேர், மாலத்தீவு வணிகர் ஒருவரின் தூண்டுதலால் கடல்வழியாக வந்து தலைநகர் மாலேயைக் கைப்பற்ற முயன்றனர். அதிபர் கயூம் உலக நாடுகளிடம் உதவி வேண்டினார். அன்று இரவே ஆக்ராவிலிருந்து நம் வான்படையின் விமானங்கள் ஹுல்ஹுலே தீவில் இறங்கின. பிணைக்கைதிகளோடு கப்பலில் தப்பியோடியவர்களை நம் கடற்படை மடக்கியது. எண்பது துப்பாக்கிகள் ஒரு நாட்டையே கவிழ்த்துவிடும் நிலை இருந்தது. வந்தவர்கள் தமிழ் பேசியவர்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது. அப்படிப்பட்ட நாட்டை நோக்கி, “நீ ஆயுதத்தைத் தொடாதே” என்று கரையில் நின்று உபதேசிப்பது எளிது. தாமே 31 வாங்கிக்கொண்ட நாட்டினர் அவ்வாறு உபதேசித்தால் அது நகைப்புக்கும் இடமாகும்.

சமணம் படையை மறுத்ததா?

நம் சமயம் இதில் என்ன கூறுகிறது? சமணம் படைத்தொழிலைக் கண்டு முகம் திருப்பிக்கொண்ட சமயம் அன்று. கலிங்கத்துக் காரவேலன் படை நடத்திய மன்னன். சிரவணபெளகுளத்தில் கோமடேசுவரரின் பேருருவை 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பிய சாமுண்டராயர், கங்க மன்னர்களின் படைத்தலைவர். நம் ஆசாரிய பெருமக்கள் இல்லறத்தார்க்கு நேரும் இம்சையை நான்காகப் பகுத்தனர். சமைத்தல், பெருக்குதல் முதலிய வீட்டுச் செயல்களில் நேர்வது ஆரம்ப இம்சை. உழவு முதலிய தொழிலில் நேர்வது உத்தியோக இம்சை. தாக்க வருபவனைத் தடுக்கையில் நேர்வது விரோதி இம்சை. கொல்லவேண்டும் என்று மனத்தில் துணிந்து செய்வது சங்கல்ப இம்சை. முதல் மூன்றையும் இயன்றவரை குறைக்கச் சொன்னார்கள். நான்காவதை முற்றிலும் விடச் சொன்னார்கள். நாம் பெரும்பாலும் உழவர் குடியினர். நம் கழனிகளில் மருந்து தெளிக்க இப்போது ட்ரோன் வருகிறது; அதனால் பூச்சிகள் சாகின்றன என்பதையும் அறிவோம்; வருந்துகிறோம்; குறைக்க முயல்கிறோம்.

ஆகவே சமண நோக்கில் வினா இவ்வாறு அமைகிறது: ஆயுத ட்ரோன் விரோதி இம்சையின் எல்லைக்குள் நிற்குமா, அல்லது அந்த எல்லையைத் தாண்டிச் சங்கல்ப இம்சையாகிவிடுமா?

விரோதி இம்சைக்கு ஓர் இலக்கணம் உண்டு. பகைவன் எதிரே நிற்கிறான், ஆயுதம் ஓங்கியிருக்கிறான், தடுக்காவிட்டால் நானோ என் காப்பிலுள்ளவரோ மாள்வோம். அவன் திரும்பி ஓடினால், ஆயுதத்தைக் கீழே போட்டால், என் உரிமையும் அங்கே முடிந்துவிடும். ட்ரோனை இயக்குபவனுக்கு எதிரே யாரும் இல்லை. அவன் ஒரு திரையின் முன் அமர்ந்திருக்கிறான். கீழே ஒரு வண்டி போகிறது. ஒரு படகு போகிறது. சிலர் கூடி நிற்கிறார்கள். அவர்கள் அவனைத் தாக்கவில்லை, தாக்கவும் இயலாது. அவர்கள் யாராக இருக்கக்கூடும், நாளை என்ன செய்யக்கூடும் என்று எண்ணிப் பார்த்து, அந்த எண்ணத்தின்மேல் தீர்ப்பு எழுதி, பொத்தானை அழுத்துகிறான். ஆள் தேர்ந்து, நேரம் தேர்ந்து செய்யும் இச்செயலை நம் முன்னோர் எந்தப் பெயரால் அழைத்திருப்பார்கள் என்பதை உங்கள் சிந்தனைக்கே விடுகிறேன்.

அந்தத் தீர்ப்பு எவ்வளவு பிழைபடும் என்பதற்குச் சான்று வேண்டுமா? 2021 ஆகஸ்டு 29 அன்று, உலகிலேயே மிகுந்த தொழில்நுட்பம் படைத்த அமெரிக்கப் படை, காபூல் நகரில் ஒரு வெள்ளைக் காரை ஏறத்தாழ எட்டு மணி நேரம் வானிலிருந்து தொடர்ந்து கவனித்தது. காரில் ஏற்றப்பட்டவை வெடிபொருள் என்று முடிவு செய்தது. தாக்குதலில் பத்துப் பேர் மாண்டனர். அவர்களுள் ஏழு பேர் குழந்தைகள். காரில் இருந்தவை தண்ணீர்க் கலங்கள். ஓட்டியவர் ஓர் உதவி நிறுவனத்தின் பணியாளர். மூன்று வாரத்தில் அமெரிக்கா பிழையை ஒப்புக்கொண்டது. ஆயினும் அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

2023 டிசம்பர் 3 இரவு, நைஜீரியாவின் கடூனா மாநிலத்தில் துடுன் பிரி என்னும் சிற்றூரில், மக்கள் நபிகள் நாயகத்தின் பிறந்தநாளைக் கொண்டாடக் கூடியிருந்தனர். கூட்டத்தைத் தீவிரவாதிகள் என எண்ணி அந்நாட்டுப் படையே ட்ரோனால் தாக்கியது. 85 பேருக்குக் குறையாமல் இறந்தனர். பெருமக்களே, நாம் இன்று கூடியிருப்பதைப் போலத்தான் அவர்களும் ஒரு மகானின் திருநாளுக்குக் கூடியிருந்தார்கள். மேலிருந்து பார்த்தால் வழிபாட்டுக் கூட்டமும் போர்க் கூட்டமும் ஒன்றுபோலவே தோன்றும்.

நைஜீரியா பெரிய நாடு என்பீர்கள். அதற்கு அண்மையில் உள்ள ஏழை நாடாகிய புர்கினா பாசோவும் துருக்கி ட்ரோன்களை வாங்கியது. 2023இல் அந்நாட்டுப் படை நிகழ்த்திய மூன்று ட்ரோன் தாக்குதல்களில் குறைந்தது 60 பொதுமக்கள் இறந்ததாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2024 சனவரியில் அறிவித்தது. தாக்கப்பட்டவை இரண்டு சந்தைகள், ஓர் இறுதிச் சடங்கு. சிறிய நாட்டின் ட்ரோன் பெரிய நாட்டின் எல்லையைத் தாண்டிப் போவதில்லை. போனால் மறுமொழி என்ன ஆகும் என்பதை அது அறியும். அது தாழ்ந்து பறப்பது பெரும்பாலும் தன் மக்கள்மேலும் தன்னைவிட எளியவர்மேலும்தான்.

கடலில் யார் எளியவர்?

மாலத்தீவின் கடலில் அந்த எளியவர் யார்? இங்கேதான் பொருள் நமக்கு மிக நெருங்கி வருகிறது. 2023 அக்டோபரில், தூத்துக்குடி மாவட்டம் தருவைகுளத்திலிருந்து சென்ற மீனவர் 12 பேர் எல்லை கடந்ததாக மாலத்தீவுக் கடற்காவலரிடம் பிடிபட்டனர். படகுக்குப் பெருந்தொகை அபராதம் விதிக்கப்பட்டது. அவர்களின் குடும்பங்கள் பட்ட பாடு பெரிது. ஆயினும் மீனவர்கள் உயிரோடு வீடு திரும்பினர். ஏன்? அவர்களைக் கண்டவர் மற்றொரு படகில் வந்த மனிதர். அருகே வந்து முகத்தைப் பார்த்தார், வலையையும் மீனையும் பார்த்தார், பேச்சுக் கொடுத்தார்.

மனிதர் அருகில் இருந்தும் பிழை நேர்ந்ததுண்டு. 2012 பிப்ரவரி 15 அன்று, கேரளக் கடலில் ‘செயின்ட் ஆன்டனி’ என்ற மீன்பிடி படகில் இருந்த இருவரை, இத்தாலிய எண்ணெய்க் கப்பலின் காவல் வீரர்கள் கடற்கொள்ளையர் என எண்ணிச் சுட்டுக் கொன்றனர். இறந்தவருள் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்தவர். அதே ஆண்டு சூலையில், துபாய்க் கடற்கரைக்கு அப்பால் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் சுட்டதில் இராமநாதபுரம் மாவட்ட மீனவர் ஒருவர் இறந்தார்; மூவர் காயமுற்றனர். நம் மீனவரின் படகும் கொள்ளையரின் படகும் சில நூறு மீட்டர் தொலைவிலேயே ஒன்றாகத் தோன்றுமானால், பல ஆயிரம் அடி உயரத்திலிருந்து எவ்வாறு தோன்றும்?

இன்னும் ஒன்று. இத்தாலிய வீரர் வழக்கில் சுட்டவர் இன்னார் என்று தெரிந்தது. வழக்கு நடந்தது, பன்னாட்டு நடுவர் மன்றம் வரை சென்றது, பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு பெறப்பட்ட பின்னரே 2021 சூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. அது போன உயிருக்கு ஈடாகாது. எனினும் விடை சொல்ல ஒருவர் இருந்தார். நடுக்கடலில் ட்ரோனிலிருந்து விழும் குண்டுக்கு விடை சொல்பவர் யார்? படகும் இராது; சாட்சியும் இராது.

கண் மட்டும் போதுமா?

“அப்படியானால் கண்காணிக்க மட்டும் வாங்கட்டும், குண்டு வேண்டா” என்பது நேர்மையான நடுவழியாகத் தோன்றும். என் முடிவும் அதற்கு அருகில்தான் உள்ளது. ஆனால் அதிலும் எச்சரிக்கை வேண்டும். இலங்கையின் இறுதிப் போரில் பறந்த ஆளில்லா விமானங்கள் ஆயுதம் இல்லாதவை. வன்னி மக்கள் அவற்றின் இரைச்சலை வைத்து ‘வண்டு’ என்று பெயரிட்டனர். வண்டு சுற்றிப் போனால் பின்னே எறிகணையோ குண்டுவீச்சு விமானமோ வரும் என்று அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். வண்டு சுட்டதில்லை, சுடவேண்டிய இடத்தைக் காட்டிக்கொடுத்தது. கண்ணும் குற்றமற்றது என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கண் யாருக்குச் செய்தி சொல்கிறது, கேட்பவர் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

கண்ணுக்குக் கை முளைப்பதும் எளிது. அமெரிக்காவின் பிரிடேட்டர் ட்ரோன் 1995இல் போஸ்னியாவின் மேல் வெறுங்கண்ணாகவே பறந்தது. 2001 அக்டோபரில் ஆப்கானிஸ்தானில் ஏவுகணையோடு பறந்தது. ஐரோப்பாவின் சிறு நாடாகிய நெதர்லாந்து, ரீப்பர் ட்ரோன்களை ஆயுதம் இல்லாமலே வாங்கியது. 2023இல் அவற்றுக்கு ஆயுதம் பூட்டுவதென அறிவித்தது. ஆகவே வாங்கும் நாளிலேயே சட்டத்தால் வேலி கட்டவேண்டும். ‘இந்தக் கருவியில் ஆயுதம் பூட்டப்படாது, இதன் செய்தியைக் கொண்டு தொலைவிலிருந்து எவரும் சுடப்படார், சந்தேகப் படகைக் கண்டால் காவல் படகு செல்லும்’ என்று அந்நாட்டு நாடாளுமன்றம் எழுதிவைக்கவேண்டும்.

எதிர்வாதம் ஒன்று எஞ்சுகிறது, அது வலியது. 2020இல் அசர்பைஜான், ட்ரோன்களின் துணையோடு 44 நாள் போரில் ஆர்மீனியாவை வென்றது. “ட்ரோன் இல்லாத சிறிய நாடு தோற்கும், உள்ள சிறிய நாடு வெல்லும்” என்று படைத்துறையினர் அதிலிருந்து பாடம் படித்தனர். உக்ரைனிலும், எல்லை கடந்து வந்த கவசவண்டிகளை ட்ரோன்கள் நிறுத்தின. உக்ரைனியர் செய்தது விரோதி இம்சையே. எதிரி அவர்கள் மண்ணில் ஆயுதத்தோடு நின்றான். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் ஆர்மீனியாவின் பாடத்தை முழுதும் படிக்கவேண்டும். அங்கே ட்ரோன் செய்தது, தாக்குபவனின் செலவைக் குறைத்தது. இரு பக்கமும் ஆயிரக்கணக்கான இளைஞர் மாண்டனர். 2023 செப்டம்பரில் மீண்டும் ஒரு தாக்குதல் நடந்தபின், நகோர்னோ–கராபக் பகுதியிலிருந்து ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர் வீட்டை விட்டு வெளியேறினர். ட்ரோனால் தாக்கப்படும் சிறிய நாட்டுக்குத் தேவை, வானில் வருவதைத் தடுக்கும் கேடயம், அதை வாங்கட்டும். கேடயம் விரோதி இம்சையின் எல்லைக்குள் நிற்பது. மேலும், மாலத்தீவின் எல்லையில் கவசவண்டி அணி எதுவும் இல்லை, இருப்பது கடல்.

அந்தக் கடலே அந்நாட்டின் உண்மையான பகை என்பதையும் அவர்களே உலகுக்குச் சொன்னார்கள். 2009 அக்டோபரில் அதிபர் நஷீத் தம் அமைச்சரவையைக் கடலுக்கு அடியில் கூட்டினார். உயரும் கடல்மட்டம் தம் தீவுகளை விழுங்கும் என்று அறிவித்தார். அந்தப் பகையை எந்த ஏவுகணையும் தாக்காது. மற்றொரு செய்தி: மொரீஷியசுடன் மாலத்தீவுக்கு இருந்த கடல் எல்லைத் தகராறை, ஹாம்பர்க்கில் உள்ள பன்னாட்டுக் கடற்சட்டத் தீர்ப்பாயம் 2023 ஏப்ரலில் தீர்த்தது. அத்தீர்ப்பில் மாலத்தீவினர் பலருக்கு மனக்குறை உண்டு. ஆயினும் இரண்டு சிறிய நாடுகள் ஒரு குண்டும் வெடிக்காமல் எல்லைக்கோட்டைப் பெற்றன. 1988இல் அந்நாட்டைக் காத்ததும் அதன் நட்பே. வள்ளுவர் அரசுக்குரிய உறுப்புகளை எண்ணும்போது படையோடு நட்பையும் சேர்த்தே எண்ணினார்.

காப்பியம் காட்டும் பறவை

தமிழாசிரியனாக இருந்தவனிடம் காப்பியம் இல்லாமல் உரை முடியாது, பொறுத்தருளுங்கள். திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் ஒரு பறக்கும் பொறி வருகிறது. ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன், காதலில் ஆழ்ந்து ஆட்சியை அமைச்சன் கட்டியங்காரனிடம் ஒப்படைத்தான். கேடு வரப்போவதை உணர்ந்தபோது மயிற்பொறி ஒன்றைச் செய்வித்தான். அப்பொறியில் கருவுற்ற விசயை பறந்து சென்று சுடுகாட்டில் இறங்கினாள். அங்கே சீவகன் பிறந்தான். நம் காப்பியத்துப் பறக்கும் பொறி ஒரு தாயையும் ஒரு சேயையும் காப்பதற்கு எழுந்தது. அதே கதையில் மற்றொரு பாடமும் உண்டு. தன் பொறுப்பைப் பிறர் கையில் ஒப்படைத்தவன் நாட்டை இழந்தான். வேற்று நாட்டு உதிரிப்பாகத்தையும் வேற்று நாட்டு மென்பொருளையும் நம்பித் தன் பாதுகாப்பை நிறுத்தும் சிறிய நாடு, ஒரு துணைவனை விட்டு மற்றொரு கட்டியங்காரனைத் தேடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

பரதரும் பாகுபலியும் எதிரெதிர் நின்ற கதை உங்களுக்குத் தெரியும். படைகள் மோதினால் எத்தனை உயிர் போகும் என்று அமைச்சர்கள் வேண்டிக்கொள்ள, இருவரும் தாமே நேருக்கு நேர் கண்ணாலும் நீராலும் மல்லாலும் பொருதனர். மூன்றிலும் தோற்ற பரதர் சினந்து சக்கரத்தை ஏவினார். ஏவிய சக்கரம் உடன்பிறந்தானைக் கொல்லாமல் வலம்வந்து நின்றது. தொலைவிலிருந்து ஏவும் ஆயுதத்துக்கு யாரைக் கொல்லக்கூடாது என்னும் அறிவு இருக்கவேண்டும் என்பது நம் புராணத்தின் கற்பனை. இன்றைய சக்கரத்துக்கு அந்த அறிவு இல்லை. ஆகவே அதை ஏவாமல் இருக்கும் அறிவு நமக்கு வேண்டும்.

என் விடையைச் சுருக்கிச் சொல்கிறேன். சிறிய நாடு தன்னைக் காக்கலாம், காக்கவேண்டும். கடலைப் பார்க்கும் கண்ணை வாங்கலாம். காவல் படகுகளைப் பெருக்கலாம். வானிலிருந்து வருவதைத் தடுக்கும் கேடயம் பெறலாம். எதிரே நில்லாத மனிதனைத் தேர்ந்து கொல்லும் கையை மட்டும் வாங்கலாகாது. இதே அளவுகோல் பெரிய நாட்டுக்கும், நம் நாட்டுக்கும் பொருந்தும். அதைச் சொல்லும் உரிமையும் கடமையும் குடிமக்களாகிய நமக்கு உண்டு.

நாம் செய்யத்தக்கது

இறுதியாக, இல்லத்துக்குள் வருவோம். சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டகத்தைத் தழுவிய அருங்கலச்செப்பை நம் வீடுகளில் பலர் ஓதியிருப்பீர்கள். குணவிரதங்களுள் ஒன்றாகிய அனர்த்த தண்ட விரதத்தில் விலக்கவேண்டியவற்றுள் ஒன்று இம்சாதானம். கொலைக் கருவியைப் பிறருக்குக் கொடுத்தல். மற்றொன்று துச்சுருதி, மனத்தைக் கெடுப்பவற்றைக் கேட்டல்.

2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதியபோது, மே 8 இரவு மட்டும் 36 இடங்களை நோக்கி முந்நூறு, நானூறு ட்ரோன்கள் வந்ததாக நம் அரசு அறிவித்தது. எல்லை ஊர்களில் மக்கள் இருளில் அஞ்சிக் கிடந்த அந்நாட்களில், ட்ரோன் தாக்கும் காட்சிகள் பாட்டோடு சேர்ந்து நம் கைப்பேசிகளில் வலம்வந்தன. பார்த்தோம்; சிலர் மற்றவருக்கும் அனுப்பினார்கள். ஒரு மனிதன் வெடித்துச் சிதறுவதை விளையாட்டுக் காட்சிபோல் பார்ப்பது துச்சுருதியே. பிள்ளைகள் கையில் அது வந்தால் அழிக்கச் சொல்லுங்கள். ஏன் என்பதையும் சொல்லுங்கள்.

வேலைக்குச் செல்லும் இளைஞர்களுக்கு ஒரு சொல். ட்ரோன் தொழிலே ஆகாது என்று நான் கூறவில்லை. வெள்ளத்தில் தவிப்பவனைத் தேடும் ட்ரோன் உண்டு. வழிதவறிய படகைக் காணும் ட்ரோன் உண்டு. நிலத்தை அளக்கும் ட்ரோன் உண்டு. பணியாணை கைக்கு வரும்போது, ‘நான் செய்யும் இந்தப் பகுதி கடைசியில் என்ன வேலை செய்யும்?’ என்று ஒரு முறை கேளுங்கள். குண்டை விடுவிக்கும் கொக்கி அதுவானால், ஊதியத்தை ஒரு கையிலும் இம்சாதானம் என்ற சொல்லை மறு கையிலும் வைத்து எடைபோட்டுப் பாருங்கள். பெற்றோர்களே, அவ்வாறு எடைபோட்டு ஒரு பிள்ளை அந்த வேலையை வேண்டா என்று வந்தால், “பிழைக்கத் தெரியாதவன்” என்று சொல்லிவிடாதீர்கள். அவன் நம் முன்னோர் காத்த விரதத்தைக் காத்துவிட்டு வந்திருக்கிறான். அவனுக்கு வேறு வேலை தேட நாம் அனைவரும் துணை நிற்போம்.

 எல்லா உயிரும் இன்புற்றிருக்க அருகன் அருள்க. ஜெய ஜினேந்திரா! வணக்கம்.